நமக்கு மொழி வராது என்று யார் சொன்னது?

இருபத்தொன்பது வயதில், சென்னையில் ஒரு மாடியறையில் நடந்த ஜெர்மன் வகுப்பில் என் பெயரைச் சொல்ல எழுந்து நின்றேன். 'இஷ் ஹைஸ்ஸே' என்று தொடங்கிப் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த 'இஷ்' உண்மையில் 'இஷ்' கிடையாது. 'ஷ'வுக்கும் 'ஹ'வுக்கும் நடுவே காற்றைச் சீறவிடும் ஓர் ஒலி. எனக்கு முன்னால் பேசிய பதினொரு பேரில் ஒருவருக்கும் அது வரவில்லை. அவர்களில் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் இருந்தார்கள். நகரத்தின் பெரிய கான்வென்ட்டில் படித்து, ஆங்கிலத்தைத் தண்ணீர் மாதிரி பேசுகிறவர்கள் இருந்தார்கள். எனக்கும் வரவில்லை. எல்லோரும் சிரித்தோம். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: ஓர் அந்நிய மொழியைத் தப்பாகப் பேசிவிட்டு நானும் சேர்ந்து சிரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

அந்த அறையில் யாருக்கும் ஜெர்மன் பேசும் தாத்தா இல்லை.

நான் அங்கே போனது ஆய்வுக்காக. தரங்கம்பாடி மிஷன் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் எப்படிச் சேர்க்கப்பட்டார்கள், எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பது என் தலைப்பு. அந்த மிஷனின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். ஆங்கிலத்தில் வந்திருப்பதை வைத்து ஒப்பேற்றலாம். ஆனால் மொழிபெயர்த்தவர் எந்த வரியை விட்டார், எந்தச் சொல்லை மழுப்பினார் என்று தெரியாமல் நம் ஆட்களின் வரலாற்றை எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆங்கிலம் எனக்கு இப்படிச் சிரித்துக்கொண்டு வரவில்லை. விழுப்புரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. ஆங்கிலத்தில் 200க்கு 136. கைடில் இருந்த கட்டுரைகளை மனப்பாடம் செய்து வாங்கிய மார்க் அது. எம்.ஏ. முதல் செமஸ்டரில் ஒரு கட்டுரை வாசித்தபோது 'கர்னல்' என்று சொல்ல வேண்டிய ஆங்கிலச் சொல்லை, எழுத்தில் இருந்தபடியே 'கொலொனெல்' என்று படித்துவிட்டேன். பின்வரிசையில் சிரிப்பு. ஆசிரியரும் சிரித்தார். "எந்த ஸ்கூல்மா நீ?" என்றார். இந்தக் கேள்வி, எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்ற கேள்விகளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று இதைப் படிக்கும் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அந்த வகுப்புகளில் வருகைப் பதிவுக்கு "யெஸ் சார்" சொன்னதைத் தவிர நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு ஆண்டு வாய் திறக்காதவளுக்கு ஒரு மொழி எப்படி வரும்? வரவில்லை. வராததைக் காட்டி, "இவங்களுக்கெல்லாம் லாங்வேஜ் வராது, கோட்டாவுல வந்தவங்க" என்றார்கள். அவர்கள் சொன்னதைவிட மோசம், நானும் அதை நம்பினேன். ஜெர்மன் வகுப்புதான் அந்த நம்பிக்கையைக் கெடுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வயது ஏறிவிட்டால் மொழி ஏறாது என்று ஒரு பொதுப்புத்தி இருக்கிறது. அதற்கு அறிவியல் முகமும் உண்டு. எரிக் லென்னபெர்க் 1967இல் வெளியிட்ட நூலில், பருவமடையும் வயதோடு மொழி கற்கும் வாசல் மூடத் தொடங்குவதாக வாதிட்டார். 2018இல் ஜோஷுவா ஹார்ட்ஷோர்னும் அவருடைய சகாக்களும் இணையத் தேர்வு ஒன்றின் வழியாகச் சுமார் 6,70,000 பேரின் ஆங்கில இலக்கண அறிவைச் சோதித்தார்கள். இலக்கணத்தைப் பிடித்துக்கொள்ளும் திறன் 17, 18 வயது வரை அநேகமாகக் குறையாமல் இருக்கிறது, அதன் பிறகு இறங்குகிறது என்பது அவர்கள் முடிவு. இதைத்தான் செய்தித்தாள்கள் 'பெரியவர்களுக்கு மொழி வராது' என்ற தொனியில் சுருக்கிவிடுகின்றன. இறங்குவது எது என்று பாருங்கள். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவரைப் போல ஆவதற்கான வாய்ப்பு இறங்குகிறது. நமக்கு யாரைப் போலவும் ஆக வேண்டியதில்லை. படிக்க வேண்டும், எழுத வேண்டும், சபையில் எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1978இல் கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹூஃப்நாகல்-ஹோலேவும் நெதர்லாந்தில் குடியேறி டச்சு கற்றுக்கொண்டிருந்த ஆங்கிலக்காரர்களை வயதுவாரியாக ஒப்பிட்டார்கள். தொடக்க மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் பின்தங்கியிருந்தார்கள். குழந்தைக்கு இல்லாத ஒன்று பெரியவருக்கு இருக்கிறது: ஏற்கெனவே ஒரு முழு மொழி தெரியும்.

அந்த முழு மொழி எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்கு மூன்றாவது மாதத்தில் புரிந்தது. ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு நான்கு வேற்றுமைகள். அதில் 'டாட்டிவ்' என்று ஒன்று. ஆங்கிலவழிப் படித்தவர்கள் எல்லோரும் அங்கே வந்து முட்டி நின்றார்கள். ஆங்கிலத்தில் 'ஐ லைக் திஸ்' என்றால் 'நான்' எழுவாய். ஜெர்மன்காரர் 'தாஸ் கெஃபெல்ட் மிர்' என்கிறார். 'மிர்' என்றால் 'எனக்கு'. இது எனக்குப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோல்ட்'. ஜெர்மனில் 'மிர் இஸ்ட் கால்ட்'. எனக்குக் குளிர்கிறது. அட, இது நம்முடைய நான்காம் வேற்றுமை! 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று எங்கள் தமிழய்யா புளியமரத்தடியில் உட்கார வைத்து ஓதவைத்தாரே, அந்தக் 'கு'. துணைவாக்கியத்தில் வினை கடைசியில் போய் நிற்பதும் அப்படித்தான். ஆங்கிலம் வழியாக வருகிறவருக்கு அது தலைகீழ். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு அது வீட்டு வாசல். அன்றைக்கு இடைவேளையில் ஐ.டி. தம்பி ஒருவர் நோட்டோடு வந்தார். "அக்கா, இந்த டாட்டிவ்வைக் கொஞ்சம் சொல்லித் தாங்களேன்." அரசுப் பள்ளித் தமிழ் இலக்கணத்துக்கு ஒரு கான்வென்ட் மாணவர் என்னிடம் கைநீட்டியது, சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தாஸ் கெஃபெல்ட் மிர்.

ஆகவே முதல் விஷயம். 'இங்கிலீஷை இங்கிலீஷிலேயே யோசி, தமிழை மறந்துடு' என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையங்கள் சொல்வதை நம்பாதீர்கள். பெரியவர் கற்பது தன் மொழியின் தோள்மீது ஏறி நின்றுதான். ஒவ்வொரு புது அமைப்பையும் தமிழில் எது போல என்று கேளுங்கள். போல இல்லையென்றால் எங்கே விலகுகிறது என்று கேளுங்கள். விலகும் இடத்தில்தான் நோட்டில் எழுத வேண்டும்.

இரண்டாவது விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் ஆவணங்களிலேயே இருந்தார். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பி, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு. அப்போது அவருக்குச் சுமார் 24 வயது. ஒரு சொல் தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். எழுத்து வந்தது, பொருள் புரியவில்லை. பொருள் சொல்ல இரண்டு மொழியும் தெரிந்த ஆள் வேண்டுமே. பிறகு அழகப்பன் என்று ஒரு மொழிபெயர்ப்பாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். எழுத்து வந்து பொருள் வராத அந்த மாதங்களைப் படித்தபோது எங்கள் பள்ளியின் ஆங்கில வகுப்பு ஞாபகம் வந்தது. எங்களுக்கு அழகப்பன் வரவே இல்லை.

1708ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் தன் தினசரி அட்டவணையை அவர் விவரிக்கிறார். காலை 7 முதல் 8 வரை ஏற்கெனவே எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் படிப்பார். 8 முதல் 12 வரை முன்பு படிக்காத தமிழ்ச் சுவடிகள். பக்கத்தில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புலவர் கடினமான செய்யுளைப் பேச்சுத் தமிழில் விளக்குவார், எழுத்தர் புதுச் சொற்களை உடனே குறித்துக்கொள்வார். சாப்பிடும்போதும் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். மாலை 3 முதல் 5 வரை மறுபடி படிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு, காதுக்கு வேலை: 7 முதல் 8 வரை ஒருவர் படிக்க இவர் கேட்பார். எந்த நூலாசிரியரின் நடையைத் தன் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்ற முடியுமோ அவரையே திரும்பத் திரும்பப் படித்தார். 1716இல் ஹாலேயில் அவருடைய தமிழ் இலக்கண நூல் அச்சாகிவிட்டது.

இன்றைய மொழிக் கற்பித்தல் நூல்கள் சொல்வதெல்லாம் இதில் இருக்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது, புரியும் உதவியோடு நிறையப் படிப்பது, சொல்லைத் தனியாக அல்லாமல் தொடராக எடுத்துக்கொள்வது, காதால் கேட்பது. ஆனால் நான் அந்த அட்டவணையை வேறு மாதிரியும் படிக்கிறேன். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம். சம்பளம் வாங்கும் உதவியாளர்கள். சமைத்துப் போட ஆள். அவர் 'ழ'வை உச்சரிக்கத் தடுமாறியபோது "எந்த ஸ்கூல்பா நீ?" என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இருந்திருக்காது. வெள்ளைக்காரர் மணலில் உட்கார்ந்தால் அர்ப்பணிப்பு. இருபது வயதுச் சேரிப் பிள்ளை ஆங்கில எழுத்துக்கூட்டிப் படித்தால் தகுதிக் குறைவு.

இன்றைக்கும் இதே கணக்குதான். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், தன் அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பிக்க ஒதுக்கும் காலம் சுமார் 44 வாரங்கள், 1,100 வகுப்பு மணி நேரம். அதுவும் முழுநேரமாக, சம்பளத்தோடு, சிறு குழுக்களில். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் போக அவ்வளவு தூரம் என்றால், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும் தூரம் மட்டும் எப்படிக் குறையும்? நம் பல்கலைக்கழகங்கள் அந்தத் தூரத்தை ஒரு கோடை விடுமுறையில், சொந்தச் செலவில், யாருக்கும் தெரியாமல் கடந்து வரச் சொல்கின்றன.

நான் என்ன செய்தேன் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். பெரிய ரகசியம் எதுவுமில்லை. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஐந்து தடுப்பு போட்டேன். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் பிரபலப்படுத்திய முறை. துண்டுச் சீட்டில் ஒருபக்கம் ஜெர்மன், மறுபக்கம் தமிழ். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பினால் முதல் தடுப்புக்குத் திரும்பும். முதல் தடுப்பைத் தினமும், கடைசியை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். செல்போனில் இதையே செய்யும் இலவசச் செயலிகள் இருக்கின்றன, எனக்கு அட்டைப்பெட்டிதான் ஒத்துவந்தது. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் 'டெர், டீ, டாஸ்' என்று ஒரு பால் உண்டு. கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி அலிறிணை மாதிரி. இதில் தர்க்கம் தேடி ஒரு வாரம் வீணாக்கினேன், நீங்கள் தேடாதீர்கள். மூன்று நிற மையில் எழுதுங்கள், அவ்வளவுதான். பேருந்தில் போகும்போது டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பு நிறுவனம் இலவசமாகத் தரும் மெதுவான செய்தி வாசிப்பைக் கேட்பேன். முதல் தடவை ஒன்றும் புரியாது. எழுத்து வடிவத்தைப் பார்த்துவிட்டு அதே செய்தியை மறுநாள் கேட்டால் பாதி பிடிபடும். பேசுவதற்கு, வகுப்புத் தோழி ஒருத்திக்குத் தினமும் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ். அவளும் அனுப்புவாள். பத்தில் எட்டு வாக்கியம் தப்பாகத்தான் இருக்கும்.

பி1 தேர்வில் கேட்டல் பகுதியில் முதல் தடவை தோற்றேன். கட்டணம் எவ்வளவு என்று அம்மாவிடம் இன்னமும் சொல்லவில்லை. நூறு நாள் வேலைக் கூலியில் அவர் உடனே கணக்குப் போட்டுவிடுவார். இரண்டாவது தடவை தேறினேன். இப்போதும் ஜெர்மன்காரர் யாராவது வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபடுகிறது. ஆனால் அச்சில் இருக்கும் 18ஆம் நூற்றாண்டு மிஷன் அறிக்கையை அகராதியோடு ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பக்கம் படிக்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இந்த இடத்தில் யாராவது அம்பேத்கரைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியவர்தான். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார், தீண்டத்தகாதவர் என்று மறுக்கப்பட்டு பாரசீகம் எடுத்தார். பிற்பாடு சமஸ்கிருதத்தைத் தானே கற்றுக்கொண்டார். பான் பல்கலைக்கழகத்தில் சேர ஜெர்மனிலேயே கைப்பட எழுதி விண்ணப்பித்தார். பாலி கற்று அதற்கு அகராதியும் இலக்கணமும் தொகுத்தார்; மகாராஷ்டிர அரசு வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பில் 16ஆம் தொகுதி அது. ஆனால் 'அவரால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியாது' என்று முதல் தலைமுறைப் பிள்ளையின் தலையில் இதைப் போடும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்தக் கதையில் ஓர் ஆசிரியரும் இருக்கிறார், மறுத்தவர். கதையை முதலில் ஆசிரியர்களிடம் சொல்லுங்கள்.

இரண்டு ஆண்டுகளாக நாங்கள் சிலர் விடுதிப் பக்கத்துப் படிப்பகம் ஒன்றில் வியாழக்கிழமை மாலை ஆங்கிலத்துக்குக் கூடுகிறோம். பாவ்லோ ஃபிரெய்ரே 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவு கற்பித்தபோது, பாடப்புத்தகச் சொற்களை விட்டுவிட்டு அவர்களுடைய வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கினார். அவர் கற்பித்தது அவர்கள் பேசும் மொழியின் எழுத்தை, நாங்கள் கற்பது வேறு மொழி. ஆனாலும் யோசனை பொருந்தியது. 'மை ஹாபி இஸ்' என்று எங்களில் யாரும் தொடங்குவதில்லை. நாங்கள் முதலில் பழகிய வாக்கியம், 'மை ஃபெல்லோஷிப் ஹேஸ் நாட் கம் ஃபார் ஃபைவ் மன்த்ஸ்'. எல்லோருக்கும் வாயில் ஒட்டிக்கொண்டது. அடுத்தது, வாடகைக்கு வீடு கேட்கப் போகும்போது 'நீங்க என்ன ஆளுங்க' என்று சுற்றி வளைத்துக் கேட்பவருக்குப் பதில். இதற்கு ஆறு வடிவம் எழுதினோம், இரண்டு அச்சில் ஏற்ற முடியாதவை.

விதி ஒன்றுதான்: ஒருவர் பேசும்போது நடுவில் திருத்தக் கூடாது. முதலில் தமிழில் சொல்லலாம், பிறகு ஆங்கிலத்தில். முடித்த பிறகு அவரே கேட்டால் திருத்தலாம். பயமும் பதற்றமும் ஒரு வடிகட்டி போல நடுவில் நின்று மொழியை உள்ளே இறங்கவிடாமல் தடுக்கின்றன என்று 1980களில் ஸ்டீஃபன் கிராஷென் எழுதினார். அவருடைய கோட்பாட்டில் அளந்து நிரூபிக்க முடியாதவை பல என்று குறை சொல்கிறார்கள், நியாயமான குறைதான். எங்கள் அறையில் நான் கண்டது வரைக்கும் வடிகட்டி உண்மை.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு பேரில் இப்போது ஒன்பது பேர்தான் வருகிறார்கள். நன்றாகப் பேசத் தொடங்கியிருந்த ஒரு தங்கைக்கு மாலை ஷிஃப்டில் துணிக்கடை வேலை கிடைத்தது, நின்றுவிட்டார். நிற்கவைத்தது அவருடைய ஆர்வக்குறைவு என்று யாராவது எழுதினால் நான் சண்டைக்கு வருவேன். நேரம் காசு. மொழி கற்க எல்லாவற்றையும்விட அதிகம் தேவைப்படுவது நேரம்.

இதை எழுதுவது தெரிந்தால் இரண்டு பக்கத் தோழர்களும் என்னைப் பிடிப்பார்கள். ஆங்கிலம் அடிமைப் புத்தி, தமிழே போதும் என்பவர்கள் ஒருபக்கம். ஆங்கிலமே விடுதலை, தமிழ்வழியை மூடு என்பவர்கள் மறுபக்கம். சாவித்ரிபாய் புலே 1854இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பில் ஆங்கிலம் கற்கச் சொல்லி எழுதினார். எழுதிய மொழி மராத்தி. எனக்கு அது போதுமான பதில். தமிழில் ஆய்வேடு எழுத உரிமையும் வேண்டும், ஆங்கிலத்தில் எழுதிப் பழகக் கூலியோடு காலமும் வேண்டும்.

கூலியோடு என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். முனைவர் பட்டப் படிப்பின் முதல் ஆண்டில் கோர்ஸ் வொர்க் என்று சில தாள்கள் இருக்கின்றன. அதில் ஒரு செமஸ்டரை மொழிக்கு ஒதுக்கி, உதவித்தொகையை நிறுத்தாமல், அந்த ஆறு மாதத்தை ஆய்வுக் காலக்கெடுவில் கழிக்காமல் கொடுக்கட்டும். ஆங்கிலம் வேண்டியவருக்கு ஆங்கிலம், ஜெர்மனோ பாலியோ பாரசீகமோ வேண்டியவருக்கு அது. கருத்தரங்கில் தமிழில் பேச எழுகிறவரை 'இன் இங்கிலீஷ் ப்ளீஸ்' என்று உட்கார வைப்பதை எழுத்துபூர்வமாகத் தடை செய்யட்டும். அமெரிக்க அதிகாரிக்குத் தமிழ் கற்க 44 வாரம் தேவைப்படும்போது, நாங்கள் கேட்பது சுமார் 26 வாரம்தான். எங்கள் மாணவர் அமைப்பு இதை மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறது. தமிழில் ஒரு பிரதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதி. ஆங்கிலப் பிரதியை வியாழக்கிழமைக் குழுவில் வரும் முதலாண்டு மாணவி ஒருவர் எழுதுகிறார். மூன்றாவது வரைவில் இருக்கிறது.